மூன்று வருஷச் சிறுபான்மை

அமெரிக்காவில் மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது பற்றி நடந்த சர்ச்சையை ஒழுக்கத்தைப் பற்றிய சர்ச்சையாக எடுத்துக்கொள்வது சுலபம். குடி தீது, இளம்வயதில் குடிப்பது அதனினும் தீது என்று வாரப் பத்திரிகைத் தலையங்கம் ஒன்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் அந்தச் சர்ச்சையின் ஐம்பது வருஷத்துச் சரித்திரத்தைப் படித்துப் பார்த்தால், அதில் ஒழுக்கம் பேசியவர்கள் குறைவு என்பது தெரிகிறது. பேசப்பட்டவை இரண்டு. ஒன்று உரிமை, இன்னொன்று எண்ணிக்கை. இரண்டும் வேறு வேறு பாஷைகள். ஒன்றில் கேட்கப்பட்ட கேள்விக்கு மற்றதில் பதில் வந்துகொண்டிருந்தது. நடுவில் சிக்கிக்கொண்ட விஷயம் குடியைவிடப் பெரியது: ஒரு கூட்டத்தைப் பற்றிய கணக்குக்கு அந்தக் கூட்டத்திலுள்ள தனிமனிதன் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்பது.

இருபத்தொன்று என்ற எண்ணுக்கு விஞ்ஞான ஆதாரம் எதுவும் ஆதியில் கிடையாது. ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தில் முழுப்பிராயம் 21. இரும்புக் கவசத்தை மாட்டிக்கொண்டு குதிரைமேல் உட்கார்ந்து ஈட்டி பிடிப்பதற்கான வலு அந்த வயதில்தான் வரும் என்று மத்தியகாலத்துப் பிரபுக்கள் நினைத்ததால் வந்த எண் என்று சட்ட சரித்திரம் எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். கவசம் போயிற்று, எண் போகவில்லை. கப்பலேறி அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது. இதே ஆங்கிலேயர்கள் 1875ல் இந்தியர்கள் மேஜராகும் வயதைப் பொதுவாக 18 என்று சட்டம் செய்தார்கள். தங்கள் நாட்டில் மட்டும் 1970 பிறக்கும் வரை 21ஐ வைத்துக்கொண்டார்கள். அவர்களைவிட மூன்று வருஷம் முன்னதாகவே நாம் விவேகிகளாகிவிடுகிறோம் என்று கண்டுபிடித்தார்களா, வெப்பநாட்டு மனிதன் சீக்கிரம் பழுத்துவிடுவான் என்று தீர்மானித்தார்களா என்பது தனி ஆராய்ச்சி. இந்த எண்கள் இயற்கையில் இல்லை, யாரோ உட்கார்ந்து தீர்மானிப்பவை என்பதற்கு இது போதும்.

1920 ஜனவரியில் அமலுக்கு வந்த தேசிய மதுவிலக்கு 1933 டிசம்பரில் அரசியல் சாசனத்தின் 21ஆவது திருத்தத்தால் நீங்கியது. (திருத்தத்தின் எண்ணும் 21 என்பது தற்செயல்.) மதுவைப் பற்றிய அதிகாரம் மாநிலங்களுக்குத் திரும்பிற்று. பெரும்பாலான மாநிலங்கள் 21 என்றன. ஒப்பந்தத்தில் கையெழுத்திட 21, ஓட்டுப்போட 21. குடிக்க மட்டும் வேறு எண் எதற்கு? நியூயார்க் 18 என்றது. பலவிடங்களில் ஆல்கஹால் 3.2 சதவீதத்துக்கு மேற்படாத லேசான பீருக்குத் தனி வயது, விஸ்கிக்குத் தனி வயது. அப்போது யாரும் இதைத் தத்துவப் பிரச்னையாகப் பார்க்கவில்லை.

பிரச்னையாக்கியது யுத்தம். 1942 நவம்பரில் கட்டாய ராணுவ சேவைக்கான வயது 20லிருந்து 18க்கு இறங்கியது. அதே வருஷம் மேற்கு வர்ஜீனியாவின் காங்கிரஸ் உறுப்பினர் ஜென்னிங்ஸ் ராண்டால்ஃப் ஓட்டு வயதையும் 18 ஆக்க வேண்டுமென்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். சண்டை போடும் வயது வந்தவனுக்கு ஓட்டுப் போடும் வயதும் வந்துவிட்டது என்பதே வாதம். மறு வருஷம் ஜார்ஜியா மாநிலம் ஒப்புக்கொண்டது. மற்றவை நகரவில்லை. வியட்நாம் வரவேண்டியிருந்தது. 1970ல் காங்கிரஸ் சாதாரணச் சட்டத்தாலேயே ஓட்டு வயதைக் குறைத்தது. அந்த டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், மத்தியத் தேர்தல்களுக்கு இது செல்லும், மாநிலத் தேர்தல்களுக்குச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆக, பத்தொன்பது வயதுக்காரன் ஒருவன் ஜனாதிபதி தேர்தலில் வாக்காளன், தன் மாநிலத்துக் கவர்னர் தேர்தலில் மைனர். இந்த அபத்தத்தை வைத்துக்கொண்டு தேர்தல் நடத்த முடியாது. 1971 மார்ச் 23ல் காங்கிரஸ் அனுப்பிவைத்த 26ஆவது திருத்தத்தை, வேண்டிய அளவு மாநிலங்கள் ஜூலை 1க்குள், 100 நாளில், ஏற்றுக்கொண்டன. அந்த சாசனத்தின் வேறெந்தத் திருத்தமும் இத்தனை வேகத்தில் நிறைவேறியதில்லை.

ஓட்டைப் பொறுத்தவரை அந்த வாதத்துக்கு மறுப்பே கிடையாது என்பது என் அபிப்பிராயம். அரசு ஒருவனின் உடலை எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கும்போது கைதூக்குகிற உரிமை அவனுக்கு வேண்டும். இங்கே கொடுப்பதும் பெறுவதும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கங்கள். இந்த வாதம் ஓட்டுச்சீட்டிலிருந்து பீர் பாட்டிலுக்கு நகர்ந்தபோது ஏதோ ஒன்று வழியில் நழுவி விழுந்துவிட்டது. யுத்தத்துக்கும் ஓட்டுக்கும் உள்ள உள்ளுறவு யுத்தத்துக்கும் பீருக்கும் இல்லை. இருந்தாலும் வேகத்தில் எல்லாம் சேர்ந்துவந்தன. 1970க்கும் 1975க்கும் இடையில் 29 மாநிலங்கள் குடிவயதைக் குறைத்தன. வளர்ந்தவன் என்றால் எல்லாவற்றுக்கும் வளர்ந்தவன் என்ற பொதுத் தர்க்கம் போதுமானதாக இருந்தது.

இந்த இடத்தில் ஓக்லஹோமாவுக்குப் போகவேண்டும். முழுச் சரித்திரத்தின் சாரமும் அந்த ஒரு வழக்கில் இருக்கிறது.

ஓக்லஹோமாவில் 3.2 பீரைப் பெண்கள் 18 வயதில் வாங்கலாம், ஆண்கள் 21 வயது வரை காத்திருக்க வேண்டும். 1972ல் ஆண் பெண் இருவருக்கும் முழுப்பிராயம் 18 என்று மாநிலம் அறிவித்தபோதும் இந்த விதிவிலக்கை விட்டுவைத்தார்கள். அந்த டிசம்பரிலேயே வழக்கு வந்தது. தொடுத்தவர்களில் கர்டிஸ் கிரெய்க் 18க்கும் 21க்கும் இடைப்பட்ட இளைஞன். கரோலின் விட்னர் பீர் விற்கும் லைசென்ஸ் உள்ள பெண்மணி. காரைவிட்டு இறங்காமலே சாமான் வாங்கிக்கொள்ளும் கடை ஒன்று வைத்திருந்தார். மாநிலம் புள்ளிவிவரத்தைக் காட்டியது: குடித்துவிட்டுக் கார் ஓட்டியதற்காகக் கைதானவர்கள், அந்த வயதுப் பெண்களில் 0.18 சதவீதம், ஆண்களில் 2 சதவீதம். பத்து மடங்குக்கும் மேலான வித்தியாசம், பொய்க்கணக்கும் அல்ல.

1976 டிசம்பர் 20ல் சுப்ரீம் கோர்ட் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்தச் சட்டத்தைத் தள்ளியது. தீர்ப்பை எழுதியவர் பிரென்னன். இரண்டு சதவீதம் பேர் செய்ததை வைத்து நூறு சதவீதத்தையும் ஒதுக்கிவைக்க முடியாது என்பது அதன் சாரம். சட்டம் விற்பதைத் தடுத்ததே தவிரக் குடிப்பதைத் தடுக்கவில்லை என்பதையும் அவர் குறித்தார். பத்தொன்பது வயதுத் தோழி வாங்கிக் கொடுத்தால் அவன் குடிக்கலாம்! ஆண் பெண் பேதம் பாராட்டும் சட்டங்களைக் கோர்ட்டுகள் எவ்வளவு கறாராகச் சோதிக்க வேண்டும் என்பதற்கு இந்த வழக்கு அளவுகோலாகிவிட்டது. வெளியிலிருந்து ஆதரவு மனு தயாரித்துக் கொடுத்தவர்களில், பின்னால் அதே கோர்ட்டில் நீதிபதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க் ஒருவர். பெண்ணுரிமையின் ஒரு தூண் இளைஞர்களின் பீர்த் தாகத்தின்மேல் எழுந்திருக்கிறது. சரித்திரத்துக்கு இந்த மாதிரி விஷயங்களில் கூச்சம் இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. தீர்ப்பு வருவதற்குள் கர்டிஸ் கிரெய்க்குக்கு 21 வயது ஆகிவிட்டது. வழக்கில் அவனுக்கு இனி அக்கறை இல்லை என்று கோர்ட்டே பதிவு செய்தது. கடைக்காரப் பெண்மணி மட்டும் கூட இல்லாதிருந்தால் வழக்கு அங்கேயே செத்திருக்கும். கறுப்பர் என்றும் கறுப்பர், பெண் என்றும் பெண். பதினெட்டிலிருந்து இருபத்தொன்று வரையிலான ஜனங்களோ மூன்று வருஷத்துக்கு மட்டும் சிறுபான்மையினர். ஒவ்வொரு பிறந்தநாளிலும் அவர்களில் ஒருவன் எதிர்த்தரப்புக்குக் குடிபெயர்கிறான். போனவன் திரும்பிப் பார்ப்பதில்லை. உரிமையின் பாஷையைத் தொடர்ந்து பேச அங்கே ஆள் நிற்பதில்லை. எண்ணிக்கையின் பாஷைக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. சவங்கள் வயதைக் கடப்பதில்லை.

சவங்கள் இருந்தன என்பதையும் சொல்லவேண்டும். குடிவயதைக் குறைத்த பல மாநிலங்களில் அந்த வயதினரின் கார் விபத்துகள் கூடின. மிஷிகன் 1972 ஜனவரி முதல் தேதி 18 என்று ஆக்கியது. 1978 நவம்பரில் ஜனங்கள் நேரடி வாக்கெடுப்பில் அதை மறுபடி 21 ஆக்கினார்கள். அந்த வாக்கெடுப்பில் பதினெட்டு வயதினருக்கும் ஓட்டு இருந்தது. ஆனால் அவர்கள் எத்தனை பேர்? மாநிலத்துக்கு மாநிலம் வயது வேறுபட்டதால், எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு இருட்டில் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வருபவர்கள் செத்த சாலைகளுக்கு ரத்த எல்லைகள் என்று பெயர் வந்தது. கவனிக்க வேண்டியது: இந்த மரணங்களில் பாட்டில் பாதி, கார் பாதி. பதினாறு வயதில் டிரைவிங் லைசென்ஸ் கொடுத்து, கார் இல்லாமல் எங்கும் போகமுடியாதபடி ஊர்களைக் கட்டிவைத்த ஒரு நாகரிகம் தன் பிள்ளைகள் சாகும்போது காரைத் திரும்பிப் பார்க்கவில்லை. லைசென்ஸ் வயதை 21 ஆக்கு என்று எந்த செனட்டரும் எழுந்து நின்றதாகத் தெரியவில்லை. கார் அங்கே பிராயத்தின் சின்னம், வியாபாரத்தின் அச்சாணி, பையனை வேலைக்கு அனுப்பும் சாதனம். பாட்டில் வெறும் பாட்டில்.

1980 மே மாதம் கலிஃபோர்னியாவில் கேன்டி லைட்னர் என்பவரின் பதின்மூன்று வயது மகள் தெருவோரம் நடந்துபோகையில், குடித்திருந்தவர் ஓட்டிவந்த கார் மோதி இறந்தாள். ஓட்டியவர் நடுவயதுக்காரர், முன்பே குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டவர். கலிஃபோர்னியாவில் மதுவிலக்கு போன நாளிலிருந்தே குடிவயது 21. அதாவது, அந்தத் தாயின் துக்கத்திலிருந்து பிறந்த இயக்கம் எந்தச் சட்டத்துக்காகப் பிற்பாடு நாடெங்கும் பெயர்பெற்றதோ, அந்தச் சட்டம் அந்தப் பெண்ணைக் காப்பாற்றியிருக்காது. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. அந்தத் தாய்மார்கள் கேட்டது பல. குடித்து ஓட்டியவர்களுக்குக் கடுந்தண்டனை அவற்றில் முதன்மையானது. அரசியல்வாதிகளுக்கு எல்லாவற்றிலும் எளிதாகக் கொடுக்க முடிந்தது இந்த ஒன்று. நடுவயதுக் குடிகாரர்களுக்கு ஓட்டு உண்டு, பணம் உண்டு, பழக்கவழக்கங்கள் உண்டு. பத்தொன்பது வயதுக்காரனுக்கு ஓட்டு இருந்தும் போடுகிறவன் குறைவு. கட்டாய ராணுவ சேவையும் 1973ல் முடிந்திருந்ததால் அவன் கையிலிருந்த பழைய வாதத்தின் முனையும் மழுங்கியிருந்தது. 1980ல் கார்ட்டர் அரசு பதினெட்டு வயது ஆண்கள் ராணுவத்துக்குப் பெயர் பதிவு செய்யவேண்டும் என்று மறுபடி ஆரம்பித்தது வேறு கதை.

ரீகன் 1982ல் நியமித்த கமிஷன், 21க்குக் குறைந்த வயதை அனுமதிக்கும் மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியை நிறுத்தலாம் என்று மறு வருஷம் யோசனை சொன்னது. மாநில உரிமை பேசிப் பதவிக்கு வந்த ரீகனுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. பிறகு பிடித்தது. நியூஜெர்சியின் ஹோவர்டும் லாட்டன்பெர்கும் முன்னின்று நடத்திய மசோதாவில் 1984 ஜூலை 17ல் கையெழுத்திட்டார். மத்திய அரசு எந்த வயதையும் கட்டளையிடவில்லை. 21க்குக் கீழ்ப்பட்டவர்கள் மது வாங்குவதையும் பொது இடத்தில் வைத்திருப்பதையும் தடைசெய்யாத மாநிலத்துக்கு நிதியில் முதல் வருஷம் 5 சதவீதம், அடுத்த வருஷம் 10 சதவீதம் வெட்டு என்று மட்டும் சொல்லிற்று. குடிப்பதைப் பற்றி அந்தச் சட்டத்தில் தடை இல்லை. வீட்டில் பெற்றோர் முன்னிலையில் ஒரு கிளாஸ் ஒயின் குடிக்க விடுவதா வேண்டாமா என்பது மாநிலத்தின் பாடு. ஓக்லஹோமாவில் பிரென்னன் சுட்டிக்காட்டிய அதே சந்து!

தெற்கு டகோட்டா வழக்குப் போட்டது. அங்கே பத்தொன்பது வயதில் 3.2 பீர் வாங்கலாம். குடிவயது மாநிலத்தின் அதிகாரம், 21ஆவது திருத்தம் தந்தது என்றார்கள். 1987 ஜூன் 23ல் மறுபடி ஏழுக்கு இரண்டு. மத்திய அரசு தன் பணத்துக்கு நிபந்தனை விதிக்கலாம், ஐந்து சதவீதம் நிர்ப்பந்தம் ஆகாது என்று தீர்ப்பு. எழுதியவர் ரென்க்விஸ்ட், ஓக்லஹோமா வழக்கில் மாறுபட்ட இருவரில் ஒருவர். இம்முறை மாறுபட்ட இருவரில் ஒருவர் பிரென்னன். பதினொரு வருஷத்தில் இருவரும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். முரண்பாடு என்று இதைச் சொல்ல முடியாது. முதல் வழக்கு ஆண் பெண் பற்றியது, இரண்டாவது அதிகாரப் பங்கீடு பற்றியது. இரண்டிலும் உட்கார்ந்திருந்த இளைஞனைப் பற்றி எந்த வழக்கும் இல்லை என்பதே விஷயம். மாறுபட்ட இன்னொரு நீதிபதியான சான்ட்ரா டே ஓ'கானர் மட்டும் அவன் பக்கமாகக் கொஞ்சம் திரும்பினார். சாலைப் பாதுகாப்புதான் நோக்கம் என்றால், கார் ஓட்டப் போகாத இளைஞனையும் இந்த நிபந்தனை தடுக்கிறது. குடித்து ஓட்டுபவர்களில் இளைஞர்களோ சிறு பகுதிதான் என்றார். ஓக்லஹோமாவின் இரண்டு சதவீத வாதம் வேறு உடையில் வந்து நின்றது, இம்முறை தோற்றது. ஆண் என்பதற்காக ஒருவனை அவன் கூட்டத்தின் கணக்கில் வைக்கக் கூடாது. இளைஞன் என்பதற்காக வைக்கலாம். ஏன் என்றால், இளமை தீர்ந்துவிடும். இதைவிட நல்ல காரணத்தை நான் இதுவரை படித்ததில்லை. இது போதுமான காரணமாகவும் எனக்குப் படவில்லை.

தெற்கு டகோட்டா 1988ல் பணிந்தது. அதே வருஷம் வையோமிங் கடைசியாக வந்து சேர்ந்தது.

லூசியானா மட்டும் கொஞ்சநாள் விளையாடிற்று. அங்கே 21க்குக் கீழே வாங்குவது குற்றம், அவர்களுக்கு விற்பது குற்றமில்லை என்று வைத்திருந்தார்கள்! 1995ல் இந்த ஓட்டையை அடைத்தபோது, வயதைக் காரணமாக வைத்துப் பேதம் பாராட்டலாகாது என்ற தங்கள் மாநில சாசனத்துக்கு இது விரோதம் என்று அம்மாநில சுப்ரீம் கோர்ட் 1996 மார்ச்சில் தள்ளியது. அமெரிக்காவில் ஒரு உயர்ந்த கோர்ட் அந்த மூன்று வருஷக்காரர்களை முழு மனிதர்களாக எடுத்துக்கொண்டு அவர்கள் பெயரிலேயே தீர்ப்புச் சொன்ன ஒரு சந்தர்ப்பம் அது. நான்கு மாதம் நீடித்தது. ஜூலையில் மறுவிசாரணை செய்து அதே கோர்ட் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டது.

ராணுவ முகாம்களில் நடந்ததையும் சொல்லிவிடலாம். முகாமுக்குள்ளும் சுற்றியுள்ள மாநிலத்தின் வயதே செல்லும் என்று காங்கிரஸ் சட்டம் செய்தது. அப்போது ஒரு விலக்கு வைத்தார்கள்: மெக்ஸிகோ அல்லது கனடா எல்லையிலிருந்து 50 மைலுக்குள் இருக்கும் முகாமில் அந்தப் பக்கத்துக் குறைந்த வயதை அனுமதிக்கலாம். சிப்பாய் எல்லை தாண்டிக் குடித்துவிட்டு ஓட்டிவரக் கூடாதே என்ற கவலை. ஆக, நாட்டின் நடுவிலுள்ள பத்தொன்பது வயதுச் சிப்பாய்க்கு இல்லாத முதிர்ச்சியை, மெக்ஸிகோவின் அருகாமை எல்லையோரத்துச் சிப்பாய்க்குத் தந்துவிடலாம். முதிர்ச்சி பற்றியதே அல்ல இந்தச் சட்டம் என்பதைச் சட்டமே இதைவிடத் தெளிவாக எங்கும் ஒப்புக்கொள்ளவில்லை.

சட்டம் உயிர்களைக் காப்பாற்றியதா? காப்பாற்றியது என்பதுதான் பெரும்பாலான ஆராய்ச்சிகளின் முடிவு. 1975லிருந்து 2017 வரை 30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் என்பது மத்தியப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மதிப்பீடு. 2009ல் பொருளாதாரக்காரர்களான கார்பென்டரும் டாப்கினும், 21 வயதைத் தாண்டும் அந்த இடத்திலேயே மரண விகிதம் ஏறத்தாழ 9 சதவீதம் திடீரென்று உயர்வதைக் காட்டினார்கள். அதே வருஷம் மைரனும் டெட்டல்பாமும் எதிர்த்திசையில் எழுதினார்கள்: தாமாகவே முன்னால் வயதை உயர்த்திய சில மாநிலங்களில்தான் பலன் தெரிகிறது, பணத்துக்குப் பணிந்து உயர்த்தியவற்றில் தெரியவில்லை என்று. சாலைகளும் கார்களும் பெல்ட்டுகளும் தண்டனைகளும் அதே காலத்தில் மாறியதால் யாருக்கு எவ்வளவு புண்ணியம் என்று பிரிப்பது கடினம். பிரித்தபின் மிச்சம் ஆயிரம் உயிர்தான் என்றாலும் ஆயிரம் உயிர். உரிமை பேசுகிறவர்கள் இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிப் போவது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அந்த 9 சதவீதத்தை இரண்டு விதமாகப் படிக்கலாம். வேலி காப்பாற்றுகிறது என்று ஒன்று. சாவு வேலியருகே காத்திருக்கிறது, வேலியை எங்கே நட்டாலும் அங்கே வந்து நிற்கும் என்று மற்றது. முப்பதில் நட்டால் இன்னும் அதிக உயிர் மிஞ்சலாம். ஏன் நடவில்லை என்ற கேள்விக்கு எண்ணிக்கையின் பாஷையில் பதில் கிடையாது. முப்பது வயதுக்காரன் விடமாட்டான் என்பதே பதில்.

2008ல் மிடில்பரி கல்லூரியின் முன்னாள் தலைவர் ஜான் மக்கார்டெல், இந்தச் சட்டத்தைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டும் என்று ஓர் அறிக்கை தயாரித்தார். நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரித் தலைவர்கள் கையெழுத்திட்டார்கள். மறைந்து குடிப்பவன் வேகமாகவும் அதிகமாகவும் குடிக்கிறான், அவனுக்குக் குடியைப் பற்றி எதுவும் சொல்லித்தர எங்களால் முடிவதில்லை என்பது அவர்கள் புகார். முயற்சிக்கு அமெதிஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். அந்த ஊதாக் கல்லின் பெயருக்கு கிரேக்கத்தில் 'போதையேறாதது' என்று பொருள். அதில் கோப்பை செய்து குடித்தால் வெறி ஏறாது என்பது பழைய நம்பிக்கை. பெயர் அழகாகத்தான் இருந்தது. தாய்மார்களின் அமைப்பு கண்டித்தது. அதை நிறுவிய கேன்டி லைட்னர் அப்போது அதில் இல்லை. 1985லேயே விலகி, 1994ல் மதுத் தொழிலின் சார்பாகவே வாஷிங்டனில் வாதாடப் போயிருந்தார். எந்த மாநிலமும் தன் வயதைக் குறைக்கவில்லை. 2019 டிசம்பரில் புகையிலை வாங்கும் வயதையும் மத்திய அரசு 21 ஆக்கியது. அதற்குப் பெரிய எதிர்ப்பு எதுவும் எழவில்லை. அமெதிஸ்ட் அறிக்கை வந்தபோது பதினெட்டு வயதாயிருந்த மாணவர்கள் 2011ல் கடைக்குப் போய்த் தங்கள் அடையாளச் சீட்டை நீட்டினார்கள்.